150 மணி நேரத்தை எதற்குச் செலவிடுவது? பிரசவ அறைச் செவிலியருக்கு ஒரு பதில்

கேள்வி: ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, ஒரு சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனையின் பிரசவ அறையில் 9 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பதிவைப் புதுப்பிக்கத் தொடர் கல்வி மணிகள் வேண்டும் என்கிறார்கள். கருத்தரங்கு, இணைய வகுப்பு என்று வாட்ஸ்ஆப்பில் நாள்தோறும் அழைப்புகள் வருகின்றன. மாதத்துக்கு ஒரு நாள்தான் இதற்காக ஒதுக்க முடியும். பணமும் அளவாகத்தான் இருக்கிறது. பேறுகாலப் பராமரிப்பில் எதைப் படித்தால் உண்மையான பயன் இருக்கும்?

பதில்: முதலில் கணக்கை முடித்துவிடுவோம். இந்தியச் செவிலியர் கவுன்சிலின் நெறிப்படி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர் கல்வி தேவை. அதாவது ஆண்டுக்கு 30 மணி. பணம் கட்டுவதற்கு முன்பே, அந்த நிகழ்ச்சிக்கு மாநிலச் செவிலியர் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் கணக்கில் வரும் என்ற இரண்டையும் அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒப்புதல் இல்லாத நிகழ்ச்சி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், புதுப்பிக்கும் நாளில் அது உங்களுக்கு உதவாது.

எதைப் படிப்பது என்பதற்கான விடை உங்கள் மருத்துவமனையின் பிரசவப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கடந்த 2 ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டி, பேற்றுக்குப் பின் அதிக உதிரப்போக்கு எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேருக்கு வலிப்பு வந்தது, எத்தனை குழந்தைகளுக்கு முகமூடி வைத்துக் காற்று செலுத்த நேர்ந்தது, எத்தனை பேரைச் சீமாங் மையத்துக்கு (தாய்சேய் அவசரச் சிகிச்சை மையம்) அனுப்பினீர்கள், எந்த நேரத்தில் அனுப்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சுகப்பிரசவத்தை நாள்தோறும் பார்க்கிற கைக்கு அது மறக்காது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே வந்து, வந்தால் சில நிமிடங்களில் உயிரைக் கேட்கிற நிலைமைகள்தான் கைக்கு மறந்துபோகின்றன. உங்கள் மணி நேரத்தில் பெரும்பகுதி அவற்றுக்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவும் உட்கார்ந்து கேட்கிற வகுப்பாக இல்லாமல், கையால் செய்து பழகுகிற பயிற்சியாக.

உதிரப்போக்கையே எடுத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்புகளில் சிவப்புச் சாயம் கலந்த நீரை அளந்து துணியில் ஊற்றி, எவ்வளவு இருக்கும் என்று நான் கேட்பதுண்டு. நெடுங்காலம் பணியாற்றியவர்கள்கூடப் பாதியளவே சொல்வார்கள். கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் குறைத்தே காட்டும், அந்தக் குறைவுதான் சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது. 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டது. அளவுக் கோடுகளுள்ள உறையை இடுப்புக்குக் கீழே விரித்து உதிரத்தை அளந்ததோடு, கருப்பையைத் தேய்த்தல், அதைச் சுருங்கச் செய்யும் மருந்து, உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம், சிரைவழித் திரவம், காரணத்தைப் பரிசோதித்து மேல் உதவிக்கு ஆள் அழைத்தல் ஆகிய அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. இதில் புதிய மருந்து எதுவும் இல்லை. அளந்ததும், ஒன்றாகச் செய்ததும்தான் புதிது. டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் பேறு முடிந்து 3 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் கொடுக்க எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறோம். பிரிட்சர்ட் முறையில் தொடக்க அளவு 14 கிராம்: நரம்பு வழியாக 4, ஒவ்வொரு பிட்டத்திலும் 5. நம்மிடம் கிடைக்கும் 2 மில்லி ஆம்பூலில் 1 கிராம் இருப்பதால் 14 ஆம்பூல்களை உடைக்க வேண்டும். அவற்றில் நரம்பு வழிக்குப் போகும் 4-ஐ நீர்க்கச் செய்துதான் கொடுக்க வேண்டும். தாய் வலிப்பில் துடிக்கும்போது இதைத் தனியாளாகச் செய்து பார்த்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். அடுத்த வேளை மருந்துக்கு முன்பு முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று பார்ப்பதும், மெக்னீசியம் மிகுந்துவிட்டால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட்டை அதே தட்டில் வைப்பதும் பயிற்சியின் பகுதியாக இருக்க வேண்டும்.

பிறந்ததும் அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் காற்று செலுத்தத் தொடங்க வேண்டும். நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற இரண்டு நாள் பயிற்சியில் வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஆனால் முகமூடியைக் காற்று கசியாமல் முகத்தில் பொருத்தும் கைத்திறன் சில மாதங்களிலேயே தளர்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு பயிற்சிப் பொம்மையை வாங்கித் தர நிர்வாகத்தைக் கேளுங்கள். வாரம் 10 நிமிடப் பழக்கம், ஆண்டுக்கு ஒரு நாள் முகாமைவிட அதிகம் தரும்.

இணைய வகுப்புகளை நான் ஒதுக்கவில்லை. நீங்கள் படித்த காலத்துக்குப் பின் மாறியவற்றைத் தெரிந்துகொள்ள அவை போதும். பிரசவத்தின் தீவிர நிலை கருப்பை வாயின் 4 செ.மீ. விரிவில் தொடங்குவதாகப் படித்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டிப் படிவம் 5 செ.மீ.யிலிருந்து தொடங்குகிறது. பிறப்புவாயை வழக்கமாக வெட்டும் பழக்கம் இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. தொப்புள் கொடியை இறுக்கக் குறைந்தது 1 நிமிடம் காத்திருக்கிறோம். வலியில் இருக்கும் பெண்ணோடு அவள் விரும்பும் துணை ஒருவர் இருப்பதும் பராமரிப்பின் பகுதிதான்.

தாய் வீடு திரும்பிய பிறகு நடப்பதையும் மறக்க வேண்டாம். மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள்தான். தமிழ் வடிவம் உண்டு, தென்னிந்தியக் கிராமத் தாய்மார்களிடம் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வி தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஆம் என்று பொருள்படும் பதில் வந்தால், மொத்த மதிப்பெண்ணைப் பாராமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைக் கேட்கிற முறையை ஒரு பிற்பகலில் கற்றுவிடலாம். அசிட்டிக் அமிலத் தடவலால் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறியும் முறையோ, கண்காணிப்பின் கீழ் நிறையப் பேரைப் பார்த்துப் பழக வேண்டியது. அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். 18 மாதச் செவிலிய மருத்துவச்சிப் படிப்பு வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியதன்று.

இந்த மாதமே தொடங்க விரும்பினால், மகப்பேறு மருத்துவரின் அனுமதியோடு, பணி மாறும் நேரத்தில் 15 நிமிடம் ஓர் உதிரப்போக்கு ஒத்திகை நடத்துங்கள். ஒருவர் தாயாகப் படுக்கட்டும், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, இரவு 2 மணிக்கு மருந்து அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும், ஆம்புலன்ஸுக்கு அழைப்பது யார் என்பவை அந்தக் கால் மணியில் தெரியவரும். தெரியவந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அடுத்த மாத ஒத்திகையை அதிலிருந்து தொடங்குங்கள்.