ஐந்தாவது நண்பன்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். கோவையில் ஒரே விடுதியில் தங்கிப் பொறியியல் படித்த நாங்கள் ஐந்து பேர் இப்போது அமெரிக்காவில் இருக்கிறோம். படிப்பு முடிந்து பத்து வருடம் ஆவதை ஒட்டி லாஸ் வேகஸில் மூன்று இரவுகள் தங்கலாம் என்று திட்டம். சிக்கனமாக முடிக்க வேண்டும். எந்த மாதம் போனால் அறை மலிவு? பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் தங்குவதா, ஃப்ரீமாண்ட் தெருவிலா? சூதாட்டத்துக்கு ஆளுக்கு எவ்வளவு ஒதுக்கலாம், எந்த ஆட்டத்தில் இழப்பு குறைவு? அங்கே தொட்டதற்கெல்லாம் டிப்ஸ் என்கிறார்கள், அதைத் தவிர்க்க ஏதாவது வழி உண்டா? நாங்கள் நாலு பேர் வேலையில் இருக்கிறோம். ஒருவன் மட்டும் அரிசோனாவில் பிஎச்டி செய்கிறான். "நீங்க போய்ட்டு வாங்கடா, எனக்கு வேலை இருக்கு" என்கிறான். காலேஜிலேயே கஞ்சன் அவன். எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று தெரியவில்லை. நீங்கள் வேகஸ் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

கே.,
டாலஸ்

அன்புள்ள கே.,

அறை பற்றிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஞாயிறு முதல் வியாழன் வரை வேகஸில் அறை மலிவு. வெள்ளியும் சனியும் அதே அறை பல மடங்கு ஏறும். ஜனவரித் தொடக்கத்தில் மின்னணுப் பொருட்காட்சி நடக்கும் வாரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். கோடையில் விலை இறங்கும். ஆனால் 2024 ஜூலையில் அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட் அடித்தது. அந்த வெயிலில் வெளியே நடக்க முடியாமல் சூதாட்டக் கூடத்துக்குள்ளேயே அடைந்து கிடப்பீர்கள், வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே கரைந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தின் வேலை நாட்களைப் பாருங்கள். ஃப்ரீமாண்ட் தெருப் பக்கம் பழைய நகரம், பெரும்பாலும் எல்லாமே ஸ்ட்ரிப்பை விடக் குறைந்த விலை. போதும்.

இந்தப் பதிலை எழுத வைத்தது உங்கள் ஐந்தாவது நண்பன். நண்பர்களுக்குள் பணம் என்ன செய்கிறது என்பதைப் பற்றிச் சில மாதங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கதையாக எழுதத் தொடங்கி, பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அவனைக் கஞ்சன் என்கிறீர்கள். நாலு வருடம் ஒரே அறைகளில் படுத்து எழுந்தவர்கள் நீங்கள். சினிமாவுக்கு அவன் வரவில்லை, ஊட்டிக்கு வரவில்லை, பிறந்தநாள் பிரியாணிக்குப் பங்கு போடத் தயங்கினான் என்றால், அவனிடம் காசு இல்லை என்று அப்போதே உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? இருபது வயதில் தோன்றவில்லை, சரி. முப்பது தாண்டியும் அதே சொல்லை எப்படி வைத்திருக்கிறீர்கள்? அமெரிக்காவில் ஆய்வு மாணவனுக்கு வரும் உதவித்தொகை வாடகைக்கும் சோற்றுக்கும் சரியாகப் போகும். ஊருக்குப் பணம் அனுப்புகிறானா, கடன் பாக்கி இருக்கிறதா, ஒரு தடவையாவது கேட்டீர்களா? "எனக்கு வேலை இருக்கு" என்று அவன் சொன்னது உங்கள் நாலு பேரின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். அதைப் புரிந்துகொள்ளாமல் அவனை வழிக்குக் கொண்டுவர என்னிடம் யோசனை கேட்கிறீர்கள்.

நீங்கள் போட்டிருக்கும் சிக்கனக் கணக்கு நாலு சம்பளக்காரர்களுக்குரியது. அதே மூன்று நாளை அவன் இடத்தில் நின்று பாருங்கள். விடுதி முகப்பில் சாவி வாங்கும்போது, முன்பணமாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் அந்தப் பணம் பல நாளைக்குத் திரும்பாது. அறை வாடகை தவிர ரிசார்ட் கட்டணம் என்று தினமும் ஒன்று உண்டு; ஸ்ட்ரிப்பில் நாற்பது ஐம்பது டாலர் சாதாரணம், அதற்கு மேல் சுமார் 13 சதவீத வரி. 2025 மே மாதம் முதல் மொத்த விலையை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஆகவே இந்த ஒரு அதிர்ச்சி குறைந்திருக்கிறது. மற்றவை குறையவில்லை. கார் நிறுத்தக் காசு, தண்ணீர் பாட்டிலுக்குக் காசு. அறைக் குளிர்பெட்டியில் ஒரு பொருளை நகர்த்தினாலே கணக்கில் ஏறிவிடும் விடுதிகளும் உண்டு. திடீரென்று ஒருவன் "ஒரு ஷோ பாத்துடலாம்டா" என்பான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் மனதுக்குள் கூட்டிக் கழித்து, உங்கள் எல்லோர் முகத்துக்கு முன்னாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்று நாளில் அதை எத்தனை முறை சொல்வான்? அதற்கு வராமல் இருப்பதே மேல் என்று முடிவெடுத்திருக்கிறான்.

எண்பதுகளில் நான் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். எங்கள் மாடியில் எல்லா வகையும் உண்டு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், அரசாங்கக் குமாஸ்தா ஒருவர், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் ஒருவர், ஓட்டல் சப்ளையராக ஒரு தம்பி. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்த திருநெல்வேலிக்காரர் எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. சாரல் தொடங்கியதும் குற்றாலம் போவோம்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, இரவில், அண்ணாச்சி அறை அறையாக வருவார். கதவைச் சாத்துவார். கையிலிருக்கும் துணிப்பையின் வாயை விரித்து நீட்டி, "முடிஞ்சதப் போடும்" என்பார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். விழுவது பத்து ரூபாயா இருநூறா என்று அவருக்கே தெரியாது. எல்லா அறையும் முடிந்த பிறகு மொத்தமாக எண்ணுவார். அந்தத் தொகைக்கு எவ்வளவு குற்றாலம் கிடைக்குமோ அவ்வளவுதான் அந்த வருடத்துக் குற்றாலம். ஒரு வருடம் மூன்று நாள் தங்கினோம். இன்னொரு வருடம் காலையில் இறங்கி அன்று இரவே ரயில் ஏறினோம்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தார். எழும்பூரில் வண்டி ஏறியதிலிருந்து திரும்பி வந்து இறங்கும் வரை எவர் கையும் தன் சட்டைப் பைக்குள் போகக் கூடாது. டீ, அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவருக்குக் கூலி, செங்கோட்டைப் பக்கத்துப் பரோட்டா எல்லாமே அந்தத் துணிப்பையிலிருந்துதான். ஒரு தடவை மருந்துக் கம்பெனிக்காரர் உற்சாகத்தில் எல்லோருக்கும் தன் செலவில் விருந்து என்று கிளம்பினார். அண்ணாச்சிக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. "மெட்ராஸுக்குப் போய் வாங்கிக் குடும்வே. இங்க வேண்டாம்." அன்று அவர் மனிதரை அவமானப்படுத்திவிட்டார் என்று நினைத்தவர்கள் உண்டு. எனக்கு அவர் செய்ததுதான் சரி என்று அப்போதே தோன்றியது. ஒருவர் விருந்து கொடுத்திருந்தால் அந்தச் சப்ளையர் தம்பி நன்றி சொல்ல வேண்டியிருந்திருக்கும். நன்றி சொன்னவன் மறுநாள் அருவியில் கொஞ்சம் ஒதுங்கி நிற்பான். அவனோ முதல் ஆளாக அருவிக்குள் போய், போலீஸ்காரர் விசிலடித்து விரட்டும் வரை வெளியே வராதவன்.

யார் எவ்வளவு போட்டார்கள் என்பது இன்றைக்கும் எங்கள் யாருக்கும் தெரியாது.

வேகஸ் இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்ட ஊர். ஒவ்வொருவன் கையும் தனித்தனியாக, ஓயாமல் தன் பைக்குள் போக வேண்டும் என்பதற்காகவே அங்கே எல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறது. 1931இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. அதே ஆண்டு பக்கத்தில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. அணை கட்டியவர்களுக்காக அரசாங்கம் உருவாக்கிய போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்குத் தடை, இன்றும் தடைதான். கூலி வாங்கியவர்கள் வேகஸுக்கு வண்டி ஏறினார்கள். நான் போயிருந்தபோது விடியற்காலையில் கூடத்துக்குள் நடந்து பார்த்தேன். கூட்டமாக வந்தவர்கள்கூட ஆளுக்கொரு ஸ்லாட் மெஷின் முன்னால் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எந்த ஆட்டத்தில் இழப்பு குறைவு என்று கேட்டீர்கள். அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் பந்து விழ 38 குழிகள்: 36 எண்கள், ஒரு பூஜ்யம், ஓர் இரட்டைப் பூஜ்யம். ஒற்றை எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்கு தருவார்கள். கட்டுகிற ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாக 5.26 விடுதிக்குப் போகும். இப்போது மூன்று பூஜ்யம் வைத்த சக்கரங்கள் ஸ்ட்ரிப்பில் பெருகிவிட்டன. அதில் 7.69. ஒற்றைப் பூஜ்யச் சக்கரமும் இருக்கிறது, அதில் 2.70தான். ஆனால் அது பெரும்பாலும் பெரிய தொகை கட்டுபவர்களின் மேசையில் இருக்கும். பிளாக்ஜாக் சீட்டாட்டத்திலும் இதே கதை. பத்து டாலர் கட்டி, முதல் இரண்டு சீட்டிலேயே 21 சேர்ந்து பிளாக்ஜாக் விழுந்தால் பழைய விதிப்படி 15 டாலர். 6:5 என்று எழுதியிருக்கும் மேசையில் 12தான். அந்த 6:5 மேசைகள் எங்கே அதிகம் என்று போய்ப் பாருங்கள். குறைந்த தொகைக்கு ஆட விடும் மேசைகளில். கையில் காசு குறைந்தவன் உட்காரும் இடத்தில்தான் விதி அவனுக்குக் கூடுதலாகப் பாதகமாக இருக்கிறது. சிக்கனமாக ஆட நினைத்து மலிவான மேசையைத் தேடினால், ஒவ்வொரு டாலருக்கும் பணக்காரனைவிட அதிகம் கொடுக்கிறீர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், ஏனென்றால் மலிவு என்ற பெயரில் அங்கே நடப்பது இதுதான். இரட்டைப் பூஜ்ய ரூலெட்டில் பத்து டாலர் வீதம் மணிக்கு நாற்பது சுற்று என்று வைத்துக்கொண்டால் நானூறு டாலர் மேசையில் புரள்கிறது, சராசரியில் 21 டாலர் போய்விடுகிறது. மூன்று மணி நேரத்தில் 63. உங்களுக்கு அது ஓர் இரவுச் சாப்பாடு. உங்கள் நண்பனுக்கு இரண்டு வார மளிகை.

ஆடியே தீர வேண்டுமென்றால் பகடை உருட்டும் கிராப்ஸ் மேசைக்குப் போங்கள். பாஸ் லைன் என்ற இடத்தில் மட்டும் கட்டினால் இழப்பு நூற்றுக்கு 1.41. எல்லோரும் சுற்றி நின்று கத்திக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. ஒருவன் உருட்டட்டும், நாலு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அந்தக் காசும் அண்ணாச்சி வைத்ததுபோன்ற ஒரு பொதுப் பையிலிருந்து வர வேண்டும். ஓர் இரவுக்கு ஒரு முறை, இவ்வளவு என்று முன்பே பேசி. ஜெயித்தால் அந்தப் பைக்குள்ளேயே திரும்பட்டும். தனியாக ஏடிஎம் பக்கம் எவனும் நடக்கக் கூடாது.

டிப்ஸைத் தவிர்க்கும் வழியை நான் சொல்ல மாட்டேன். கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் ஈரத்துண்டுகளைத் தரையில் போட்டுவிட்டுக் கிளம்பிய அறையைக் குனிந்து துடைக்கும் பெண்ணிடமிருந்தா மிச்சம் பிடிக்கப் போகிறீர்கள்? 1991 செப்டம்பரில் ஸ்ட்ரிப்பில் இருந்த ஃபிராண்டியர் விடுதியின் 550 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அறை சுத்தம் செய்பவர்கள், சமையற்காரர்கள், மது பரிமாறுபவர்கள். இரவும் பகலும் வாசலில் ஆள் நின்றது. 1998 தொடக்கத்தில் விடுதி கைமாறி, புதிய உரிமையாளர் ஒப்பந்தம் போடும் வரை, ஆறு வருடத்துக்கு மேல் நின்றார்கள். அந்த 550 பேரில் ஒருவர்கூட மறியல் வரிசையைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போகவில்லை. வீட்டில் கொஞ்சம் சேமிப்பு இருந்தவரும் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவரும் ஒரே வாசலில் நின்றிருப்பார்கள். அந்த விடுதி 2007இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்தத் தொழிலாளர்களின் சங்கமான குலினரி யூனியன் 226 இன்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் பெரிய விடுதிகளோடு அது போட்ட ஒப்பந்தத்தில் அறைகளைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் ஒன்று. ஒரு நாள் விட்டால் மறுநாள் இரட்டை அழுக்கு. வேலை கூடும், ஆள் குறையும். ஆகவே அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லிக் காசு மிச்சம் பிடிக்கும் யோசனையும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொதுப் பையைப் பிரிக்கும்போது முதலில் இவர்களுக்கு எடுத்து வையுங்கள், பிறகு சாப்பாட்டுக்கு, கடைசியில் சூதாட்டத்துக்கு.

பார்க்க வேண்டியவற்றில் நல்லவை பலவும் இலவசம். பெலாஜியோ விடுதி முன்னால் நீரூற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஊருக்கு மேற்கே ரெட் ராக் பள்ளத்தாக்குக்குக் காருக்குத்தான் கட்டணம், ஐந்து பேருக்கு அது பெரிதில்லை. குளிர்காலத்தில் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். அரிசோனாவிலிருந்து அவன் காரில் வந்தால் ஹூவர் அணையைத் தாண்டித்தான் வருவான், நீங்கள் அங்கேயே போய் எதிர்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் அவனைக் கேட்பதை நிறுத்துங்கள். செலவைப் பைசா சுத்தமாகப் பிரித்துக் காட்டும் செயலியை இந்தப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். உங்களில் வாயைக் கட்டத் தெரிந்த ஒருவரிடம் பையைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் அவருக்குத் தனியாக, முடிந்ததை அனுப்பட்டும். தொகை வெளியே வரவே கூடாது. மொத்தம் எத்தனை இரவுக்கு வருகிறதோ அத்தனை இரவு. அதைத் தீர்மானித்த பிறகு, நீங்களே அவனுக்குத் தனியாக ஃபோன் செய்யுங்கள். வேகஸைப் பற்றி எடுத்தவுடன் பேச வேண்டாம். ஆய்வு எப்படிப் போகிறது என்று கேளுங்கள், அவன் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள்.

அப்போதும் வர முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். வேகஸை ரத்து செய்துவிட்டு நாலு பேரும் அரிசோனாவுக்குப் போங்கள். டாலஸிலிருந்து ஃபீனிக்ஸுக்கு நேர் விமானம் இருக்கிறது. அவன் அறைத் தரையில் ஐந்து பேர் படுக்க இடம் இருக்கும், அரிசியும் மளிகையும் போகிற வழியில் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.