முழங்கால் வலியுள்ள அம்மாவோடு செஞ்சிக்கோட்டை போகலாமா?

கேள்வி: தாம்பரத்திலிருந்து ஒரு நாள் பயணமாக, சொந்தக் காரில் செஞ்சிக்கோட்டை போக நினைக்கிறோம். அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு. பத்து வயது மகன் உச்சிவரை ஏறியே தீருவேன் என்கிறான். அம்மாவை அழைத்துப் போவது சரியா? எந்த மலையில் ஏறலாம்? அப்படியே திருவண்ணாமலையும் போக முடியுமா?

பதில்: அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். செஞ்சி என்றதும் எல்லோரும் ராஜகிரி உச்சியைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் கோட்டையின் பெரும்பகுதி மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. படியேறாமலே அங்கே அரை நாள் செலவிடலாம்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. திருவண்ணாமலை சாலைக்கு ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி. ஊர்க்காரர்கள் ராஜா கோட்டை, ராணி கோட்டை என்பார்கள். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம், ஆயிரம் படிகளுக்கு மேல். படிகளும் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். வலியுள்ள முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. அம்மா இந்த மலையில் ஏற வேண்டாம். கிருஷ்ணகிரி இதைவிடத் தாழ்வானது என்றாலும் அதுவும் முழுக்கப் படிதான். அவருக்கு அதுவும் தேவையில்லை.

அவருக்கு ராஜகிரி அடிவாரமே போதும். நடுமுற்றத்தில் அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், யானைக்குளம் எல்லாம் ஓரளவு சமதளத்தில் இருக்கின்றன. அங்கங்கே மரநிழலும் உண்டு. சற்றுத் தள்ளி வெங்கடரமணர் கோயில். அதன் கோபுர வாயிலில் உள்ள புடைப்புச் சிற்பங்களை அவசரப்படாமல் பாருங்கள். இந்தக் கோட்டையில் நான் அதிகம் நேசிக்கும் இடம் அது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை அவை.

தண்ணீரை எப்படிச் சேர்த்தார்கள், எப்படிக் கொண்டுபோனார்கள் என்பதை மகனுக்குக் காட்டுங்கள். பாறைச் சரிவில் வழியும் மழைநீர் சக்கரகுளம், செட்டிகுளம் போன்ற குளங்களில் சேர்ந்தது. அங்கிருந்து மண்குழாய்கள் வழியாகக் கல்யாண மகாலுக்குப் போனது. முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்தது. நீரும் நெல்லும் உள்ளேயே இல்லாவிட்டால் மராட்டியர் அத்தனை காலம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. குளத்தையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு மதிலைப் பார்த்தால் கோட்டை சட்டென்று புரியும்.

மகனோடு பெரியவர் ஒருவர் ராஜகிரி ஏறட்டும். காலையில் நுழைவாயில் திறந்ததுமே தொடங்கிவிடுங்கள். பத்தரை, பதினொன்றுக்குள் பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். மதியத்துக்குப் பிறகு கிளம்பினால் காவலர்கள் மேலே ஏற விடாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏற ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். வழியில் கமலக்கன்னியம்மன் கோயில் வரும். அங்கே உட்கார்ந்து பையனின் மூச்சையும் முகத்தையும் பாருங்கள். களைத்திருந்தால் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை ஆழமாகப் பிளந்து கிடக்கும், அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் மறுபுறம் நிற்கும் சிலரே ஒரு படையைத் தடுத்திருக்கலாம். அந்த இடத்தில் பையனின் கையை விடாதீர்கள்.

மேலே கடை கிடையாது, குடிநீரும் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். குரங்குத் தொல்லை உண்மையிலேயே அதிகம். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினாலே பிடுங்க வரும். தின்பண்டங்களைக் காரிலேயே வைத்துவிட்டு, தண்ணீரை முதுகுப்பைக்குள் போட்டு மூடிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். கழிப்பறைக்குக் கீழேயே போய்விட்டு ஏறுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழையில் படிகள் வழுக்கும். சித்திரை, வைகாசியில் குழந்தையோடு ஏறவே வேண்டாம்.

ஜூலை 2025இல் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். சிவாஜி 1677இல் கைப்பற்றிய கோட்டை என்பதால் இது அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் கூட்டம் கூடலாம். எனவே விடுமுறை நாட்களைவிட வார நாளில் போவது நல்லது.

திருவண்ணாமலை இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். விடியுமுன் தாம்பரத்தில் கிளம்பி, திண்டிவனம் வழியாக வந்து, மதியத்துக்குள் கோட்டையை முடித்துக்கொண்டால் மாலையில் கோயிலுக்குப் போய்விடலாம். ஆனால் அன்றிரவே தாம்பரம் திரும்புவது அம்மாவுக்குக் கடினம். திருவண்ணாமலையில் தங்கி மறுநாள் புறப்படுங்கள். பௌர்ணமியன்று மட்டும் வேண்டாம். கிரிவலத்துக்குப் போகும் கூட்டத்தால் அந்தச் சாலை நெரிசலாகிவிடும், அறையும் கிடைக்காது.