பதில்: நொதி ஆய்வுக்குத் தொழில்நுட்பப் பூங்காவா, வாடகைக் கட்டடமா?

நொதி (என்சைம்) ஆய்வு செய்யும் உங்கள் மூன்று பேர் நிறுவனத்துக்கு, ஆய்வக வசதிகளைப் பல நிறுவனங்கள் பகிரும் தொழில்நுட்பப் பூங்காவில் வாடகை வெளிக் கட்டடத்தைவிட இருமடங்கு என்று தயங்குகிறீர்கள். சதுர அடியை மட்டும் ஒப்பிடாதீர்கள். வெளியே எடுத்தால் ஃப்யூம் ஹூடுக்கு (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் வேலைமேடை) கூரைவரை தனிக் குழாய், −80 டிகிரி ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர், ஆய்வகக் கழிவு ஒப்பந்தம் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

பூங்காவில் கையெழுத்திடும் முன் பொதுக் கருவிகளின் முன்பதிவுப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சென்ட்ரிஃபியூஜுக்கு (மாதிரிகளைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால் கருவிக் கட்டணம் குறைவாக இருந்தும் பயனில்லை. ஜெனரேட்டர் லைன் ஃப்ரீசர் பிளக் வரை வருகிறதா, வராந்தா விளக்கோடு நிற்கிறதா? விளக்கோடு நின்றால் மின்வெட்டில் மாதிரிகள் கெட்டுப்போகலாம்.

பல்கலைக்கழகப் பூங்கா என்றால் காப்புரிமையில் பங்கு கேட்கும் விதி இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஆள் கூடும்போது அதே வளாகத்தில் பெரிய இடம் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். இல்லையேல் வேறு ஊருக்கு மாற நேர்ந்தால் பழகிய டெக்னீஷியன்களையும் பக்கத்து சப்ளையர்களையும் இழப்பீர்கள், அந்த ஊரும் உங்கள் வேலைவாய்ப்புகளை இழக்கும்.