உரம் விழுந்தது என்று நாளைக் கடத்தாதீர்கள்: குழந்தை வலிப்பு பற்றிக் கேள்வி பதில்

வடசென்னைப் பெற்றோர் கேட்டவற்றுக்குக் குழந்தைகள் நரம்பியல் மருத்துவராக என் பதில்கள்.

டாக்டர், என் மகனுக்கு ஆறு மாதம். தூங்கி எழுந்ததும் தலையைக் கவிழ்த்துக் கைகளை விரித்து மடக்குகிறான். பத்து இருபது தடவை தொடர்ந்து வருகிறது. உரம் என்று சேலையில் போட்டு உருட்டினார்கள், நிற்கவில்லை. (காசிமேடு)

அம்மா, இன்றைக்கே கிளம்புங்கள். ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள். அடுத்த முறை வரும்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் விவரிப்பதைவிட அந்த அரை நிமிடம் எங்களுக்கு அதிகம் சொல்லும். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கும்பிடுவதுபோல் கொத்துக்கொத்தாக வரும் இந்த அசைவு சிசு வலிப்பின் அடையாளம். 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம் சொந்த மகனிடம் இதைக் கண்டு, வழி தெரியாமல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். இன்று நமக்கு வழி தெரியும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்து உறுதிசெய்து, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி, ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து இவற்றில் பொருத்தமானதைக் கொடுப்போம்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் இக்குழந்தைகளை நான்கு வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011இல் வெளியானது. வலிப்பு தொடங்கி மருந்து கிடைக்கும்வரை நாள் கூடக்கூட வளர்ச்சி மதிப்பெண் குறைந்திருந்தது. சிரித்த குழந்தை சிரிப்பை நிறுத்துவது, முகம் பார்த்தது பார்க்காமல் போவது எல்லாம் இந்தத் தாமதத்தில்தான் நடக்கின்றன. பாட்டிமார் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களும் பிள்ளை நலத்துக்காகவே உருட்டுகிறார்கள். இதற்கு மட்டும் அது வேண்டாம்.

தடுப்பூசி போட்ட அன்று காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வந்தது. பிறகு அடிக்கடி வருகிறது. ஊசியால்தானா? இப்போது ஜீன் சோதனை என்கிறார்கள், அது எதற்கு? (வியாசர்பாடி)

ஐயா, இந்தக் குற்ற உணர்வைச் சுமக்காதீர்கள். ஊசியால் மூளை பாதித்தது என்று கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அவர்களில் 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ ஜீனில் பிறழ்வு இருந்தது. குழந்தையின் முதல் வயதிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய் டிராவே. அதன் முக்கியக் காரணம் இந்த ஜீன்தான். காய்ச்சல் முதல் வலிப்பைத் தூண்டியிருக்கலாம், நோய் முன்பே உள்ளே இருந்தது. சோதனை வெறும் பெயர் சூட்ட அல்ல. டிராவே என்றால் கார்பமசெபைன், ஃபெனிடாயின் போன்ற வழக்கமான மாத்திரைகளே வலிப்பைக் கூட்டிவிடும். முடிவு வந்தால் மருந்தே மாறும்.

வலிப்பு வரும்போது கையில் இரும்பு கொடுக்கலாமா? (ராயபுரம், பாட்டி)

வேண்டாம் பாட்டி. ஒரு சிறுமியின் உள்ளங்கையில் சாவியின் பற்கள் பதிந்து சிவந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு இறுக்கிப் பிடிக்க வைத்திருந்தார்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மகளுக்கு ஆட்டிசமும் வலிப்பும் உண்டு. வலிப்பு நின்றால் பேச்சு வந்துவிடுமா? (பெரம்பூர்)

அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வலிப்பும் ஆட்டிசமும் சேர்ந்து வரக்கூடிய டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயில் இதைச் சோதித்தார்கள். வலிப்பு வருமுன்பே விகாபாட்ரின் கொடுத்தால் வலிப்பு குறைகிறது என்று 2021இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதேபோல் முன்கூட்டியே மருந்து கொடுத்து 2023இல் வெளியான அமெரிக்க ஆய்விலோ இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கும்போது ஒன்றை அடக்கினால் மற்றது தானாகச் சரியாவதில்லை. ஆகவே வலிப்பு நிற்கட்டும் என்று பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும்.

நான் ஆசிரியை. ஒரு மாணவி எழுதும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறாள். கவனக்குறைவா? (தண்டையார்பேட்டை)

அவளுடைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். வரிக்கு நடுவே எழுத்து அறுந்து, பென்சில் கோடு கீழே இழுபட்டு, பிறகு அதே சொல் தொடர்கிறதா? தோளைத் தொட்டுக் கூப்பிட்டாலும் அந்த நொடிகளில் பதில் இல்லையா? அப்படியானால் அது கவனக்குறைவல்ல, சில நொடி நினைவு தவறும் ‘ஆப்சென்ஸ்’ வலிப்பாக இருக்கலாம், மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். திட்ட வேண்டாம். எந்தப் பாடவேளையில், எத்தனை முறை என்று குறித்து, அந்த நோட்டோடு பெற்றோரை அனுப்பிவையுங்கள்.