ஹெபடைட்டிஸ் சி உள்ளவரின் கிட்னி: சம்மதம் சொல்லலாமா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. நான்கு வருடமாகத் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்குப் பதிவு செய்திருக்கிறோம். போன வாரம் மருத்துவமனையில் ஒரு படிவத்தை நீட்டி, "ஹெபடைட்டிஸ் சி உள்ளவரின் கிட்னி வந்தால் சம்மதமா?" என்று கேட்டார்கள். இவருக்கு அந்த வைரஸ் கிடையாது. தெரிந்தே ஒரு நோயை வாங்கிக்கொள்வதா? அந்தக் கிட்னி எத்தனை வருடம் ஓடும்?

பதில்: 2015க்கு முன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த வைரஸுக்கு அப்போது கையில் இருந்தது இன்டர்ஃபெரான் ஊசி. அதைக் கிட்னி மாற்றியவருக்குப் போட்டால், உடம்பு புதுக் கிட்னியையே எதிரியாக நினைத்துத் தாக்கக்கூடும். அதனால் வைரஸை அப்படியே விட்டுவைப்போம். அது கல்லீரலை மெல்ல அரிக்கும். அப்படிக் கிட்னி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். ஆனாலும் டயாலிசிஸிலேயே காத்துக் கிடந்தவர்களைவிட அவர்களின் ஆயுள் கூடுதலாகத்தான் இருந்தது.

நிலைமையை மாற்றியது வைரஸை ஒழிக்கும் மாத்திரை. சோஃபோஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2015ல் நம் கம்பெனிகளே தயாரித்து விலையை இறக்கின. அப்புறம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வைரஸ் இல்லாத 10 பேருக்கு வைரஸ் உள்ள கிட்னியை வைத்து, உடனே இதே வகை மாத்திரை கொடுத்தார்கள். 2017ல் முடிவு வெளியானது: பத்துப் பேருக்கும் வைரஸ் போய்விட்டது. பிறகு ஏழு அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து 30 பேருக்கு எட்டு வாரம் மாத்திரை கொடுத்துப் பார்த்ததிலும் அதே கதைதான். ஆயுளைக் கேட்டீர்கள் அல்லவா? ஐந்து வருடக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்ததில், இந்தக் கிட்னிகளும் வைரஸ் இல்லாதவர்களின் கிட்னிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தாக்குப்பிடித்திருக்கின்றன.

ஆக, வைரஸைவிட எனக்குக் கவலை மாத்திரை எந்த நாளில் கைக்கு வரும் என்பதுதான். ரத்தத்தில் வைரஸ் ஓடுகிறவரின் கிட்னியை வைத்தால் தொற்று அநேகமாக நிச்சயம். உடனே ஆரம்பித்தால் பயமில்லை. தள்ளிப்போனால், எதிர்ப்புசக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகும். சிலருக்குக் கல்லீரல் வேகமாகக் கெடும் கடுமையான காமாலை வந்திருக்கிறது. 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு சிகிச்சை மையங்களில் இந்த மாத்திரை இலவசம். ஆனால் கிட்னி வருவது நடு ராத்திரியில், ஞாயிற்றுக்கிழமையில். "மாத்திரையை யார் தருவார்கள், எந்த நாள் ஆரம்பிப்பீர்கள், செலவு யாருடையது?" என்று மருத்துவமனையில் இப்போதே கேளுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் கையெழுத்து வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். தானம் கொடுப்பவருக்கு ஆன்டிபாடி மட்டும் பாசிட்டிவா, ரத்தத்தில் வைரஸே இருக்கிறதா? ஆன்டிபாடி என்பது எப்போதோ வந்து போனதன் தடமாகவும் இருக்கலாம். ரத்தத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் நாட் (NAT) பரிசோதனையில் வைரஸ் இல்லை என்றால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் கணவருக்கு ஹெபடைட்டிஸ் பி உண்டா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்; சி வைரஸ் அடங்கும்போது பி தலைதூக்குவதுண்டு.

நம் ஊரில் எந்தச் சீட்டை எடுத்தாலும் முதல் வரியில் கேஸ் மாத்திரை இருக்கும். கிட்னி மாற்றியவர்களுக்கும் அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல் எழுதுவது வழக்கம். ஆனால் இங்கே அதிகம் கொடுக்கும் சோஃபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரை உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கிவிட்டு இதை விழுங்கினால் மருந்து பாதிகூட ஏறாமல் போகலாம். டிபி மருந்து ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாய்னும்கூட உடம்பில் இந்த மாத்திரையின் அளவைக் குறைத்துவிடும். இந்தக் கூட்டு மாத்திரையைச் சாப்பிடும் பன்னிரண்டு வாரமும் டாக்டரைக் கேட்காமல் கடையில் எதுவும் வாங்காதீர்கள். காமாலைக்குக் கீழாநெல்லி என்று யாராவது அரைத்துக்கொண்டு வந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

என் கருத்து? உங்கள் வீட்டிலேயே பொருத்தமான, ஆரோக்கியமான ஒருவர் கிட்னி கொடுக்கத் தயார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அப்படி யாரும் இல்லை, கல்லீரலும் நன்றாக இருக்கிறது, மாத்திரைக்கும் உறுதி கிடைத்தது என்றால், நான்கு வருடம் டயாலிசிஸில் இருந்த 47 வயதுக்காரருக்கு நான் சம்மதம் சொல்வேன். காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் இதயத்தைத் தேய்க்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், அழைப்பு வரும் ராத்திரியில் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வீட்டில் தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டாம். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால் இது ஒட்டாது. ரத்தம் படக்கூடிய ஷேவிங் பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால் அதுவும் தேவையில்லை.