ஏ.எல். இல்லாமல் பட்டப்படிப்பு: 36 வயது அக்காவுக்குப் பதில்

அக்கா, ஓ.எல். (சாதாரண தரம்) உடன் படிப்பு நின்றுவிட்டது, இப்ப 36 வயது, ஏ.எல். (உயர்தரம்) இல்லாமல் டிகிரி செய்ய வழியிருக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கு.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இப்போதைக்கு விடுங்கள். உள்வாரிக்கு (வளாகத்திலேயே முழுநேரம் படிப்பது) இசட் புள்ளி, அதாவது ஏ.எல். பெறுபேற்றை வைத்துக் கணக்கிடும் புள்ளி வேண்டும், வெளிவாரிக்கும் (வெளியிலிருந்து படிப்பது) ஏ.எல். சித்தி கேட்பார்கள். உங்களுக்குச் சரியான இடம் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம்தான். 1980 இல் தொடங்கிய அரச பல்கலைக்கழகம், பட்டத்துக்கு மற்றவற்றுக்குள்ள அதே மதிப்பு. யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய நிலையம் இருக்கிறது. ஏ.எல். இல்லாதவர்களுக்கென்று பட்டத்துக்கு முந்திய சான்றிதழ்ப் படிப்புகள் வைத்திருக்கிறார்கள். அதைச் சித்தியடைந்தால் அதற்குரிய பட்டப்படிப்பில் சேரலாம்.

நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள்: உங்கள் ஓ.எல். பெறுபேறு எந்தப் படிப்புக்குப் பொருந்தும், எது தமிழில் நடக்கிறது, கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா. இங்கே கட்டணம் உண்டு, இலவசம் என்று நினைத்துப் போகாதீர்கள். பட்டத்துக்குப் போகும்போது பல பாடங்கள் ஆங்கிலத்தில்தான், ஆகவே ஆங்கிலத்தை இப்பவே தொடங்குங்கள். எனக்குக் கட்டணத்தைவிட அதுதான் பெரிய தடையாகத் தெரிகிறது. வயதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள், வேலை செய்துகொண்டு படிப்பவர்கள்தான் அங்கே அதிகம்.

தையல் கடை நடத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அனுபவத்தையே மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தரும் முறையும் உண்டு. போகிறபோது ஓ.எல். சான்றிதழையும் அடையாள அட்டையையும் கொண்டு போங்கள்.