ஊருக்கு நடுவே ஓர் அடையாளம்: வாசகர் கேள்வி-பதில்

கே: சாதாரண ஊர்க்காரர் சொன்ன யோசனை, ஒரு நகரத்தின் அடையாளமாகவே எழும்பியது உண்டா?

ப: அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வளைவு அப்படி எழும்பியதுதான். மிசிசிப்பி ஆற்றங்கரையில் களையிழந்து கிடந்த பகுதியில் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று 1933-ல் மேயரிடம் பேசியவர் லூதர் ஈலி ஸ்மித் என்ற வழக்கறிஞர். என்ன வடிவம் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, கெட்டிக்காரர். வடிவத்துக்கான போட்டி 1947-ல்தான் தொடங்கியது. பரிசுக்கும் செலவுக்கும் 2,25,000 டாலர் திரட்டினார்கள். வந்த 172 வடிவங்களில் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வரைந்த வளைவு வென்றது. வேலை முடிவதற்குள் ஸ்மித் 1951-லேயே காலமாகிவிட்டார். அந்த இடத்துக்காக நாலு பக்கமும் தெரு சூழ்ந்த கட்டடத் தொகுதிகள் ஏறக்குறைய நாற்பதை இடித்துத் தள்ளியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: அந்த வளைவின் இரண்டு கால்களையும் தனித்தனியாகக் கட்டி, உச்சியில் எப்படிப் பொருத்தினார்கள்?

ப: உயரம் 630 அடி, கால்களுக்கு இடையே அகலமும் 630 அடி. குறுக்கே வெட்டினால் சமபக்க முக்கோணம். ஒரு பக்கம் தரையில் 54 அடி, உச்சியில் 17 அடி. வெளித்தோல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், உள்தோல் கார்பன் ஸ்டீல், 300 அடி வரை இரண்டுக்கும் இடையே கான்கிரீட். அடியில் 1/64 அங்குலத்துக்கு மேல் பிசகினால் மேலே கால்கள் ஒன்றையொன்று சந்திக்காது. பகலில் வெயில் பட்ட பக்கம் விரிந்து அளவு ஏமாற்றும் என்பதால் இரவில்தான் அளந்தார்கள். கடைசித் துண்டை ஏற்றிய 1965 அக்டோபர் 28 அன்றும் அதே வம்பு: தெற்குக் கால் வெயிலில் விரிந்துவிட்டது. தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் குளிரவைத்து, ஹைட்ராலிக் ஜாக்கியால் இரண்டு கால்களையும் விலக்கிப் பிடித்துத் துண்டைச் செருகினார்கள்.

கே: லண்டனின் 'கார்டன் பிரிட்ஜ்' படத்தில் அத்தனை அழகாக இருந்ததே, ஏன் கைவிட்டார்கள்?

ப: படத்தில் எந்தப் பாலத்துக்கும் பராமரிப்புச் செலவு கிடையாது! தேம்ஸ் ஆற்றுக்கு மேல் தோட்டத்தோடு ஒரு நடைபாலம்: நடிகை ஜோனா லம்லியின் யோசனை, வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கின் வடிவம். 366 மீட்டர் நீளம், 270 மரங்கள். 6 கோடி பவுண்டில் தொடங்கிய மதிப்பீடு 20 கோடியைத் தாண்டியது. அதைவிடப் பெரிய கோளாறு, தென்கரையில் பாலம் இறங்க வேண்டிய நிலம் கைக்கு வருவதற்கு முன்பே கட்டுமான ஒப்பந்தம் போட்டது. செடிகொடி, காவல், பழுது என்று வருடா வருடம் ஆகும் செலவுக்கு உத்தரவாதம் தர மேயர் சாதிக் கான் 2017 ஏப்ரலில் மறுத்தார். ஆகஸ்டில் திட்டத்துக்கு மூடுவிழா. ஒரு தூண்கூட எழும்பவில்லை, ஆனால் கரைந்தது சுமார் 5 கோடியே 30 லட்சம் பவுண்டு. அதில் ஏறக்குறைய 4 கோடியே 30 லட்சம் மக்கள் வரிப்பணம்.

கே: நண்பர்கள் சேர்ந்து எங்கள் நகராட்சிக்கு ஒரு யோசனை தரப்போகிறோம். 3டி படம் போதுமா?

ப: போதாது. நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடியில் என்ன குழாய், கேபிள் போகிறது, பக்கத்தில் விமான நிலையம் இருந்தால் எத்தனை அடி வரை அனுமதி, திறந்த பிறகு வருடச் செலவு யாருடையது – இந்த நாலுக்கும் முதல் பக்கத்திலேயே பதில் எழுதுங்கள். நியூயார்க் 'ஹை லைன்' பூங்காவுக்காக 1999-ல் கிளம்பிய இரண்டு பேர் கணக்கோடு போனார்கள். பூங்கா வர வேண்டிய இடம் ரயில் ஓடாமல் கிடந்த ஒரு மேம்பாதை, அதை இடிக்க நகர நிர்வாகம் தயாராக இருந்தது. பூங்காவுக்கு ஆகும் செலவைவிட, அதனால் கூடும் வரி வருமானம் அதிகம் என்று ஆய்வு செய்து காட்டினார்கள். 2009-ல் முதல் பகுதி திறந்தது.

கே: அந்த ஹை லைன் பாதையிலேயே நீச்சல் குளம் கட்டும் திட்டமும் இருந்ததாமே?

ப: 2003-ல் நடந்த யோசனைப் போட்டிக்கு 36 நாடுகளிலிருந்து 720 பேர் அனுப்பியவற்றில் அதுவும் ஒன்று, பாதை நெடுக நீளும் குளம். கட்டுவதற்கு நடந்த போட்டி அல்ல அது, ஊரைப் பேசவைக்க நடந்தது.